இலகுவான டெக்னிக்கல் கேமரா: டிஜிட்டல் பேக் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் பேக் (கேமராவின் பின்னால் மாட்டும், பெரிய சென்சார் உள்ள தனிப் பெட்டி) ஒன்று கையில் வந்ததும் அடுத்து எழும் கேள்வி, அதை எந்தக் கேமராச் சட்டத்தில் மாட்டுவது என்பது. நிலக்காட்சியும் கட்டடங்களும் எடுத்துப் பல வருடங்களாக இந்தக் கேமராக்களைத் தோளில் சுமக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

டெக்னிக்கல் கேமரா என்பது சரியாக என்ன?

ஓர் உலோகச் சட்டம். முன்னால் லென்ஸ், பின்னால் டிஜிட்டல் பேக். நடுவில் கண்ணாடி, ப்ரிஸம், ஆட்டோஃபோகஸ் மோட்டார் எதுவும் கிடையாது. அந்தச் சட்டத்துக்கு இரண்டே வேலை. லென்ஸையும் சென்சாரையும் ஒன்றுக்கொன்று துல்லியமாக இணையாகப் பிடித்திருக்க வேண்டும். கேட்டால் ஒன்றை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தித் தர வேண்டும். கேமராவை அண்ணாந்து பார்க்க வைக்காமல் மட்டமாக நிறுத்தி, லென்ஸை மட்டும் உயர்த்தினால் கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் சாயாமல் நிற்கும். இது ரைஸ். பக்கவாட்டில் நகர்த்துவது ஷிஃப்ட்.

துருத்தி போல மடிந்து விரியும் பெல்லோஸ் வைத்த வ்யூ கேமராவும் இதையெல்லாம் செய்யும். ஆனால் 3.76 மைக்ரான் பிக்ஸல் உள்ள சென்சாரோடு அகலக் கோண லென்ஸைச் சேர்க்கும்போது, கையால் இழுத்து நிறுத்தும் பெல்லோஸின் இணைநிலை போதுவதில்லை. அந்த இடத்தில்தான் இந்தச் சட்டங்கள் பிறந்தன.

இருப்பதிலேயே இலகுவான பாடி எது?

முதலில் வருவது இந்தக் கேள்விதான். நான் பதிலைக் கடைசியில்தான் சொல்வேன், ஏனென்றால் பையின் எடை பாடியில் இல்லை. சமையலறைத் தராசை எடுத்து வைத்து பேக், பேட்டரிகள், லென்ஸ்கள், பேக்கைப் பாடியோடு இணைக்கும் அடாப்டர் தகடு, முக்காலி, அதன் தலை என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். பாடி அந்தப் பட்டியலில் கீழேதான் வரும். பாடியில் இருநூறு கிராம் குறைத்துவிட்டு, முன்பக்கக் கண்ணாடி கிண்ணம் மாதிரி அகன்ற ஒரு லென்ஸை மாட்டினால் மிச்சப்படுத்தியது எல்லாம் போய்விடும்.

சரி, பெயர்கள். நகர்த்தல் எதுவுமே இல்லாத சின்னச் சட்டங்கள் என்றால் ஆல்பா 12 டிசி, கேம்போ டபிள்யூஆர்சி-400. ஒரு திசையில் மட்டும் நகர்வது ஆல்பா 12 எஸ்டிசி. பக்கத்துக்கு 18 மி.மீ. கேமராவைக் குத்தவைத்தால் அதே நகர்வு ரைஸாக மாறிவிடும். இரண்டு திசையிலும் 12 மி.மீ. நகர்வது 2019-இல் வந்த ஃபேஸ் ஒன் எக்ஸ்டி. அதற்கு மேலே கேம்போ டபிள்யூஆர்எஸ் வரிசை, ஆர்கா-ஸ்விஸ் ஆர்எம்2டி, ஆர்எம்3டிஐ.

இதில் ஆர்காவின் அமைப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றில் ஃபோகஸ் செய்யும் திருகுமரை ஒவ்வொரு லென்ஸிலும் தனித்தனியாக இருக்கிறது. ஆர்கா ஆர் வரிசையில் அது பாடியிலேயே இருக்கிறது. லென்ஸ்கள் வெறும் பலகையில் மாட்டி வருகின்றன. ஒரே ஒரு லென்ஸ் கொண்டுபோகிறவருக்கு ஆர்கா கனமாகத் தெரியும். மூன்று லென்ஸ் கொண்டுபோகிறவருக்கு அந்தக் கணக்கு திரும்பிவிடலாம்.

எனக்கு எவ்வளவு ஷிஃப்ட் தேவை?

பாடியின் விவரத்தாளைப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. லென்ஸின் பிம்ப வட்டத்தையும் சென்சாரின் அளவையும் வைத்துத்தான் காண முடியும். லென்ஸ் பின்னால் போடுவது ஒரு வட்டமான பிம்பம். சென்சார் அந்த வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் நகரலாம். மூலை வட்டத்தைத் தொட்டதும் அதோடு முடிந்தது.

ஃபேஸ் ஒன் ஐக்யூ4 150 பேக்கின் சென்சார் 53.4 × 40 மி.மீ. மூலைவிட்டம் 66.7 மி.மீ. ரோடென்ஸ்டாக்கின் 23, 28 மி.மீ. டிஜரான்-எஸ் லென்ஸ்களின் பிம்ப வட்டம் 70 மி.மீ. கணக்குப் போட்டால் படுக்கை நிலையில் மேலே நகர வெறும் 2.6 மி.மீ., பக்கவாட்டில் 2 மி.மீ. அவ்வளவுதான். 20 மி.மீ. நகரும் பாடியில் இந்த லென்ஸைப் போட்டால், பல்சக்கரங்களைச் சும்மா சுமந்துகொண்டு போகிறீர்கள்.

அதே லென்ஸை 43.8 × 32.9 மி.மீ. சென்சாரோடு சேருங்கள், ஹாசல்பிளாட் சிஎஃப்வி 100சி பேக் இந்த அளவுதான். மேலே கிட்டத்தட்ட 11 மி.மீ., பக்கத்தில் 9 மி.மீ. கிடைக்கிறது. பிம்ப வட்டம் 90 மி.மீ. உள்ள டிஜரான்-டபிள்யூ 32 அல்லது 40 என்றால் பெரிய சென்சாரில் மேலே 16, பக்கத்தில் 13.6, சின்ன சென்சாரில் மேலே 23, பக்கத்தில் 20.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு ரைஸ் உண்மையில் தேவைப்பட்டிருக்கும்? என் நிலக்காட்சிப் படங்களில் பெரும்பாலானவை 8 மி.மீ.க்குள் அடங்கிவிட்டன. தெருவில் நின்று எடுத்த கட்டடங்கள்தான் 15-ஐத் தாண்டின.

கணக்கைப் பயன்படுத்தும்போது ஒன்றை மறக்க வேண்டாம். வட்டத்தின் ஓரம் வரை பிம்பம் இருக்கும் என்பது உண்மை. ஓரம் வரை அதே கூர்மை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரை நான் அவசரத்துக்கு மட்டும்தான் தொடுவேன்.

ஷிஃப்டே இல்லாத பாடியை வாங்குவது வீண் செலவு இல்லையா?

இல்லை. 150 மெகாபிக்ஸல் இருக்கும்போது வெட்டுவதும் ஒரு வகை ரைஸ்தான். 35 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பு உங்களுக்கு வேண்டும் என்று வையுங்கள். அதற்குப் பதில் 28 மி.மீ. மாட்டி, கேமராவை மட்டமாக நிறுத்தி எடுத்துவிட்டு, கீழே உள்ள வெற்றுத் தரையை வெட்டி எறியலாம். 35-இன் பரப்பு 28-இல் 42.7 × 32 மி.மீ. இடத்தைப் பிடிக்கும். மேலே தள்ளி வெட்ட 4 மி.மீ. இருக்கிறது, 35 மி.மீ. லென்ஸில் 5 மி.மீ. ரைஸ் கொடுத்ததற்கு அது சமம். மிச்சமிருப்பது சுமார் 97 மெகாபிக்ஸல். பெரிய அச்சுக்கும் தாராளம்.

நாள் முழுக்க நடக்கும் பயணத்துக்கு நான் எடுத்துப்போவது நகராத சட்டமும் ஒரே லென்ஸும்தான். அதில் தளரவோ, பூட்ட மறக்கவோ, பூஜ்யத்துக்குக் கொண்டுவரவோ எதுவும் இல்லை. குளிரில் விரல் மரத்துப்போகும் நேரத்தில் அந்த நிம்மதி பெரிது.

ஷ்னைடரா, ரோடென்ஸ்டாக்கா?

எடையை மட்டும் பார்த்தால் ஷ்னைடரின் அப்போ-டிஜிட்டார் அகலக் கோண லென்ஸ்கள். முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமச்சீராக அமைந்தவை. சிறியவை, நேர்கோடுகளை வளைக்கும் கோணல் மிகக் குறைவு. 35 எக்ஸ்எல் 90 மி.மீ. வட்டமும், 43 எக்ஸ்எல் 110 மி.மீ. வட்டமும் தரும். உற்பத்தி நின்றுவிட்டதால் பழையதாகத்தான் கிடைக்கும்.

அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. சமச்சீர் லென்ஸின் பின்கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் நிற்கும், ஒளி மூலைகளில் சாய்ந்து விழும். 35 மி.மீ. லென்ஸில், பெரிய சென்சாரின் மூலையில், ஷிஃப்ட் எதுவும் இல்லாமலேயே அந்தச் சாய்வு 44 டிகிரியை நெருங்கிவிடும். ஃபிலிமுக்கு அது பெரிய தொல்லை இல்லை. சென்சாரில் ஒவ்வொரு பிக்ஸலும் ஒரு சின்னக் கிணறு மாதிரி. சாய்ந்து வரும் ஒளி கிணற்றின் சுவரில் பட்டு, பக்கத்துக் கிணற்றுக்குள்ளும் சிந்துகிறது. அதனால்தான் படத்தின் ஒரு ஓரம் இளஞ்சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் போகிறது.

ஐக்யூ4 150, சிஎஃப்வி 100சி இரண்டும் பின்பக்கம் ஒளிவாங்கும் சென்சார்கள். ஒளி வாங்கும் பகுதி மேலேயே இருப்பதால் இந்தச் சிதறல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓரங்களின் இருட்டு மட்டும் அப்படியே இருக்கும். ஐக்யூ180 மாதிரி 5.2 மைக்ரான் பிக்ஸல் உள்ள சிசிடி (பழைய வகை சென்சார்) பேக் வைத்திருப்பவர் 35 எக்ஸ்எல்லை நிறைய ஷிஃப்ட் செய்ய ஆசைப்பட்டால், வாங்குவதற்கு முன் அதே பேக்கில் மாட்டி ஒரு படமாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

ரோடென்ஸ்டாக் டிஜரான் அகலக் கோணங்கள் பின்கண்ணாடியைத் தள்ளி வைத்து ஒளியை நேராக்கி அனுப்புகின்றன. நிறம் சுத்தம், கூர்மையும் அபாரம். விலையாக எடையும் பருமனும் கொஞ்சம் கோணலும் சேரும். 32 மி.மீ. டபிள்யூவைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இலகுவான பையும் புதிய பேக்கும் இருந்தால் 40 டபிள்யூ அல்லது ஷ்னைடர் 35 எக்ஸ்எல் என்பதே என் தேர்வு.

எல்சிசி படம் (நிறச் சாய்வைத் திருத்த எடுக்கும் வெற்றுப் படம்) ஒவ்வொரு முறையும் எடுத்தே ஆக வேண்டுமா?

சமச்சீர் லென்ஸ், ஷிஃப்ட், பழைய சென்சார் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் ஆம். ஒளி ஊடுருவும் வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸின் முகத்தோடு ஒட்டிப் பிடித்து, அதே அப்பர்ச்சர், அதே ஷிஃப்ட், அதே ஃபோகஸில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். தகடு ஒளியைத் தின்னும் என்பதால் ஷட்டர் நேரத்தை இரண்டு மூன்று ஸ்டாப் கூட்டுங்கள். அப்புறம் கேப்ச்சர் ஒன் மென்பொருளில் அந்த வெற்றுப் படத்தை வைத்து நிறச் சாய்வு, இருட்டு, தூசிப் புள்ளி எல்லாவற்றையும் ஒரே அடியில் சரிசெய்யலாம்.

தகட்டில் வெயில் ஒரு பக்கமாக அடித்தால் திருத்தமே தப்பாகிவிடும். உடம்பாலோ தொப்பியாலோ நிழல் கொடுத்து, தகடு முழுக்க ஒரே வெளிச்சம் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

தூரத்து மலை ஏன் கூர்மையாக வரவில்லை? அகலக் கோண லென்ஸில் ஃபோகஸ் அவ்வளவு முக்கியமா?

அகலக் கோணத்தில் எல்லாமே கூர்மையாக வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இங்கே காலை வாருகிறது. பொருளின் பக்கம் ஆழம் அதிகம், உண்மை. சென்சாரின் பக்கம் ஆழம் எல்லா லென்ஸுக்கும் ஒன்றுதான். எஃப் 8 அப்பர்ச்சரில், 5 மைக்ரான் தெளிவு வேண்டும் என்றால், சென்சார் இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்னும் பின்னும் 0.04 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

சென்சார் 0.05 மி.மீ. பின்னால் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். 90 மி.மீ. லென்ஸை இன்ஃபினிட்டி நிறுத்தத்தில் (வளையம் அதிகபட்சத் தூரத்தில் நிற்கும் இடம்) வைத்தால் உண்மையில் ஃபோகஸ் ஆவது சுமார் 160 மீட்டரில். 35 மி.மீ. லென்ஸிலோ சுமார் 24 மீட்டரில்! அதே பிழை அகலக் கோணத்தில்தான் அதிகம் கடிக்கிறது.

எனக்கே நடந்தது. பழையதாக வாங்கிய ஓர் அடாப்டர் தகட்டில், முன்பு வைத்திருந்தவர் தன் பேக்குக்காக ஒரு மெல்லிய உலோகத் தாளை உள்ளே வைத்திருந்தார். ஷிம் என்பது அதுதான். கண்ணுக்கே சட்டென்று தெரியாது. என் பேக்குக்கு அது வேண்டாத ஒன்று. ஒரு பயணம் முழுக்க மலை முகடுகள் லேசாக மங்கி வந்தன. முன்னால் இருந்த பாறைகள் மட்டும் கத்தி மாதிரி. லென்ஸைத்தான் சந்தேகித்தேன். வீட்டுக்கு வந்து நாலு திருகைக் கழற்றி, அந்தத் தாளை நகக்கண்ணால் நெம்பி எடுத்ததும் சரியாகிவிட்டது.

எனவே புது பாடி, புது அடாப்டர், புது பேக் எது வந்தாலும் முதல் நாளே இதைச் செய்யுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோபுரம் அல்லது மின்கம்பி, அப்பர்ச்சர் முழுத் திறப்பு, இன்ஃபினிட்டி நிறுத்தத்தில் ஒரு படம், அங்கிருந்து துளித்துளியாக விலக்கி ஐந்தாறு படங்கள். நிறுத்தத்தில் எடுத்ததோ அதற்கு மிக அடுத்ததோ கூர்மையாக இருந்தால் நல்லது. எல்லாமே மங்கல் என்றால் ஷிம்மைப் பார்க்க வேண்டும்.

லைவ் வ்யூ (காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் வசதி) உள்ள சிமாஸ் வகை பேக் என்றால் களத்திலேயே பெரிதாக்கிப் பார்த்துவிடலாம். பழைய சிசிடி பேக் என்றால் லேசர் தூரமானியால் அளந்து, லென்ஸ் வளையத்தில் அந்தத் தூரத்தை வைப்பதே நம்பகமான வழி.

எஃப் 16-க்கு மூடினால் எல்லாம் கூர்மையாகிவிடாதா?

3.76 மைக்ரான் பிக்ஸலில் எஃப் 16 போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) ஒவ்வொரு புள்ளியும் சுமார் 21 மைக்ரான் வட்டமாக விரியும். எஃப் 11-இல் அது 15. நான் எஃப் 8-க்கும் 11-க்கும் இடையில்தான் இருப்பேன்.

டில்ட் வேண்டுமா?

லென்ஸைச் சற்றுச் சாய்ப்பதுதான் டில்ட். தரை மட்டத்துப் பூக்களிலிருந்து அடிவானம் வரை ஒரே படத்தில் வேண்டும் என்பவருக்கு வேண்டும். தேவைப்படும் சாய்வு மிகச் சிறியது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 35 மி.மீ. லென்ஸ் இருந்தால், கூர்மைத் தளத்தைத் தரையோடு படுக்க வைக்க 1.3 டிகிரி போதும். ஆர்எம்3டிஐ 5 டிகிரி வரை பாடியிலேயே தருகிறது, எந்த லென்ஸ் போட்டாலும். கேம்போவில் டில்ட் உள்ள லென்ஸ் பலகை தனியாக வாங்க வேண்டும். ஆல்பாவில் டில்ட் அடாப்டரும் அதற்கேற்பக் குறுக்கிய லென்ஸும் வேண்டும். காற்றில்லாத நாளில் இரண்டு மூன்று ஃபோகஸில் எடுத்து அடுக்கிச் சேர்ப்பவர்களுக்கு டில்ட் இல்லாமலும் வாழ்க்கை ஓடும்.

ஷட்டர் எது நல்லது? பேக்கின் எலக்ட்ரானிக் ஷட்டர் போதுமா?

அசையாத காட்சிக்குத் தாராளமாகப் போதும். எடையும் குறையும், வயரும் குறையும். ஆனால் இந்தப் பெரிய சென்சார்கள் வரி வரியாக மெதுவாகப் படிக்கின்றன. அலை, காற்றிலாடும் புல், ஓடும் வண்டி எல்லாம் வளைந்தும் நெளிந்தும் வரலாம். ஃப்ளாஷ் வேலையும் செய்ய முடியாது.

லென்ஸோடு வரும் கோபால் (Copal) ஷட்டர் எந்திரச் சுத்தம். நெம்புகோலைத் தள்ளி ஸ்பிரிங்கை ஏற்று, கேபிளை அழுத்து, க்ளிக். கோபால் 0-இல் 1/500 நொடி வரை போகலாம். அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. மெதுவான வேகங்கள் இழுக்கிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்குங்கள். சில பழைய பேக்குகளுக்குப் படம் எடுக்கும் முன் எழுப்பிவிட ஒரு தனி சிக்னல் வேண்டும், அதற்கான கேபிள் இல்லாமல் கறுப்புப் படம்தான் வரும். கேபிள் எடை பத்து கிராம்கூட இருக்காது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டியின் லென்ஸ்களில் மின்சார இலை ஷட்டர் இருப்பதால் இந்த வயர்த் தொல்லை இல்லை.

எடைதான் முக்கியம் என்றால் ஹாசல்பிளாட் 907எக்ஸ் போதாதா?

பலருக்குப் போதும் என்று மனதாரச் சொல்கிறேன். 907எக்ஸ் பாடி வெறும் 206 கிராம். ஆட்டோஃபோகஸ் உண்டு, லென்ஸுக்குள்ளேயே இலை ஷட்டர் உண்டு. ரைஸ், ஷிஃப்ட் கிடையாது. சிஎஃப்வி பேக்கைக் கழற்றி அதே நாளில் டெக்னிக்கல் கேமராவிலும் மாட்டலாம் என்பது அதன் அழகு. முதலில் 907எக்ஸோடு ஓராண்டு நடந்துவிட்டு, எந்தப் படத்தில் எதை இழந்தோம் என்று தெரிந்த பிறகு சட்டம் வாங்குவது நல்ல வழி.

கேம்போ ஆக்டஸ் மாதிரி சின்ன பெல்லோஸ் கேமரா?

60 மி.மீ.க்கு மேல், பொருட்கள், அருகில் எடுப்பது, நிறைய டில்ட் என்றால் அருமையான கருவி. அகலக் கோணத்தில் பெல்லோஸ் சுருங்கிக்கொண்டு நகர விடாது. பையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் பூஜ்ய நிலையைச் சரிபார்க்கவும் வேண்டும்.

இரண்டு படங்களை ஒட்டி அகலமாக்க எந்தப் பாடி?

பேக் நகரும் பாடி. லென்ஸ் அசையாமல் பின்னால் சென்சார் மட்டும் நகர்ந்தால், அருகில் உள்ள கிளையும் தூரத்து மலையும் ஒன்றுக்கொன்று இடம் மாறாது; பிசிறில்லாமல் ஒட்டும். 43.8 × 32.9 சென்சாரை 90 மி.மீ. வட்டத்துக்குள் இருபுறமும் 15 மி.மீ. நகர்த்தினால் 73.8 × 32.9 மி.மீ. அளவுள்ள படம் கிடைக்கும். லென்ஸ் நகரும் பாடி என்றால், லென்ஸ் போன அளவுக்கு கேமராவை எதிர்ப்பக்கம் நகர்த்த முக்காலித் தலையில் ஒரு சறுக்குத் தகடு வேண்டும்.

பழையதாக வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பேக்கின் மவுன்ட், அதாவது அது பாடியில் பொருந்தும் அமைப்பு. ஹாசல்பிளாட் வி, ஹாசல்பிளாட் எச், மாமியா, கான்டாக்ஸ் என்று பல உண்டு. சிஎஃப்வி எல்லாம் வி. பாடியோடு வரும் அடாப்டர் தகடு உங்கள் மவுன்ட்டுக்கானதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைத் தேடுவதே தனி வேலை.

அப்புறம் பூட்டுகள். பேக்கை மாட்டி, இரண்டு விரலால் மூலையைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். ஆடக்கூடாது. ஷிஃப்ட் பல்சக்கரத்தை முழுத் தூரம் ஓட்டுங்கள். நடுவில் தட்டும் பூஜ்ய நிறுத்தம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தாலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். கடைசியாக, லென்ஸை மூடியால் மூடி, முழு ஷிஃப்டில் வைத்து, வெயிலில் நிறுத்தி முப்பது நொடி எக்ஸ்போஷர் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். நகரும் தகட்டின் இடுக்கு வழியாக ஒளி கசிந்தால் படத்தின் ஓரத்தில் ஒரு வெளிறிய கோடு தெரியும். கோடு இருந்தால், விற்பவரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.